காற்றுக்குச் சொன்ன பதில்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சமன்பாடுகள் என்னைவிட நன்றாகத் தெரியும். நாங்கள் கணக்கிடும் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றி ஒரு வாரம் போட்ட கணக்கை, நீங்கள் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுப்பதற்குள் உங்கள் கணினி முடித்துவிடுகிறது. அதனால் கணக்கைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஒரு பெயரைப் பற்றிப் பேசுகிறேன். அந்தப் பெயரால் ஒரு பெண்ணின் கண் போக இருந்தது.

நம் வேலையைக் குறிக்கும் சொல்லே விசித்திரமானது. மாதிரி. துணிக்கடையில் ‘மாதிரிக்கு ஒன்று எடுத்துப் போடுங்கள்’ என்கிறோம். ‘அப்பா மாதிரியே நடக்கிறான்’ என்கிறோம். ஆய்வுக்கூடத்தில் நாம் காகிதத்திலும் மரத்திலும் கட்டுவதையும் மாதிரி என்கிறோம். எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடிக்கும். ‘இதுதான் அது’ என்று இது அடித்துச் சொல்வதில்லை. ‘அதைப்போல’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. பாதிக் கண் மூடிக்கொண்டு உலகத்தைப் பார்ப்பதுபோல. ஆனால் அவசரத்தில் யாருக்கும் அந்தப் ‘போல’ காதில் விழுவதில்லை.

எழுபதுகளின் நடுவில் நான் வேலை பார்த்த ஆய்வுப் பிரிவு ராயபுரத்தில், துறைமுகத்துக்கு அருகே ஒரு பழைய கிடங்கின் மாடியில் இருந்தது. பெரிய ஜன்னல்கள். கடலில் பட்ட வெயில் திரும்பி வந்து எங்கள் கூரையில் அலைந்துகொண்டே இருக்கும். கணக்குப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போலிருக்கும். கப்பல்கள் ஊதும், ஊதி முடித்த பிறகும் அந்த ஒலி மேசைமேல் சற்று நேரம் நிற்பதாக எனக்குத் தோன்றும். நான் மூன்று தெரு தள்ளி, மாதா கோயிலுக்குப் பின்னால் குடியிருந்தேன். அப்பா துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரம் ஓட்டினார். கணிதம் படித்த பெண்ணுக்கு என்ன வேலை என்று தெருவில் கேட்டவர்களுக்கு, “புகை எங்க போவுதுன்னு எம்பொண்ணு கணக்கு பாக்குது” என்பார். அதைவிடச் சரியாக யாரும் என் வேலையை விளக்கியதில்லை.

அந்த மாடியில் மூன்று பெட்டி மாதிரிகள் இருந்தன.

முதலாவது காற்றுக்கானது. ஊரின்மேல் நிற்கும் காற்றை ஒரு பெரிய பெட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் காற்று நுழையும், மறுபக்கம் வெளியேறும், உள்ளே புகை கலக்கும். இரண்டாவது, கடலோடு சேரும் உப்புநீர்ப் பரப்பான எண்ணூர்க் கழிக்கானது. கழியைச் சிறு சிறு பெட்டிகளாகப் பிரித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது, கடைசிப் பெட்டியிலிருந்து கடலுக்கு எவ்வளவு போகிறது என்று பார்ப்போம். மூன்றாவது நிஜமான பெட்டி. தேக்குச் சட்டம், கண்ணாடிச் சுவர், உள்ளே மணலும் தண்ணீரும். கடல் கரையை எப்படி அரிக்கிறது என்று பார்க்க தச்சர் செய்து கொடுத்தது. மூன்றுக்கும் ஒரே பெயர்.

இது எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒருமுறை துறைமுகக் கூட்டத்துக்குப் போகும் அவசரத்தில் எங்கள் தலைவர், “பெட்டி மாதிரியை ஜீப்பில் வைக்கச் சொல்லுங்கள்” என்றார். அவர் கேட்டது காற்றுக் கணக்குத் தாள்களை. கீழே போய்ப் பார்த்தால் ஓட்டுநர் காசிம் பாயும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து கண்ணாடித் தொட்டியை ஜீப்பின் பின்னால் ஏற்றிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார்கள். தொட்டியில் தண்ணீர் வேறு தளும்பிக்கொண்டிருந்தது.

“இன்னா பாய் இது?” என்றேன்.

“பொட்டின்னாங்கோ, பொட்டியத்தான் ஏத்துறேன். கடுதாசிக்கு யாராச்சும் பொட்டின்னு பேர் வெப்பாங்களா மேடம்?”

தலைவர் கூடச் சிரித்துவிட்டார். சிரித்ததோடு விட்டுவிட்டோம்.

நீங்களும் இதைச் சந்திப்பீர்கள். நீர்த்துளி மாதிரி என்று அணுக்கருவை ஆராய்கிறவர்களிடம் ஒன்று உண்டு. மேகத்தை ஆராய்கிறவர்களிடம் வேறொன்று உண்டு. சங்கிலி மாதிரி என்றால் ரசாயனக்காரருக்கு ஒன்று, நிகழ்தகவு படித்தவருக்கு ஒன்று. அறிவியலில் பெயர்களுக்குப் பஞ்சம். வெவ்வேறு ஊரில், ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள், தங்கள் கண்ணில் பட்ட துளியையும் சங்கிலியையும் பெட்டியையும் எடுத்துப் பெயராக வைத்துவிடுகிறார்கள். நூலகத்தில் அது தொல்லை இல்லை. தொலைபேசியில் தொல்லை.

அன்று கோடைகாலத்தின் நடுப்பகல். காற்று அசையவே இல்லை. கப்பல் கொடிகள் கம்பத்தோடு ஒட்டித் தூங்கிக்கொண்டிருந்தன. தொலைபேசி மணி அடித்தது, நான் எடுத்தேன். பேசியவர் சேகர் என்ற இளம் பொறியாளர். எண்ணூர்க் கழியின் கரைகளைப் பராமரிக்கும் பொறுப்பில் இருந்தவர். அடிக்கடி எங்கள் மாடிக்கு வருவார், எங்கள் கணக்குகளை மரியாதையோடு கேட்டுக்கொள்வார். அன்று அவர் குரல் உடைந்திருந்தது.

அம்மோனியா கரைசல் ஏற்றி வந்த ஒரு டேங்கர் லாரி கழிக்கரை மேட்டுச் சாலையில் சறுக்கிக் கழிக்குள் சாய்ந்துவிட்டது. ஓட்டுநர் குதித்துத் தப்பிவிட்டார். டேங்கர் பிளந்து கரைசல் முழுதும் கொட்டிக்கொண்டிருக்கிறது. நாற்றம் தாங்காமல் கரைக்குக் கீழே குடிசைகளில் இருந்தவர்கள் எல்லோரும் குழந்தை குட்டிகளோடு மேடேறி, தொலைவில் உப்பளத்தருகே நிற்கிறார்கள். அவர் பேசுவது உப்பளத்து அலுவலகத் தொலைபேசியில்.

“எப்போ எறங்கலாம்னு கேக்குறாங்க மேடம். உங்க பெட்டி மாதிரி என்ன சொல்லுது? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

நான் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு தலைவரிடம் அப்படியே சொன்னேன். எங்கள் தலைவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிதானமானவர், அவசரப்பட்டு அவர் ஒரு எண்ணைச் சொல்லி நான் பார்த்ததில்லை. அன்றும் அவர் ஜன்னலுக்குப் போய்க் கொடிகளைப் பார்த்தார். காற்றுக் கணக்கின் தாள்களைப் புரட்டினார். டேங்கரின் கொள்ளளவைக் கேட்கச் சொன்னார். பென்சிலால் சற்று நேரம் எழுதினார்.

“இப்போது காற்று இல்லை, அதனால் பெட்டிக்குள் அப்படியே நிற்கிறது,” என்றார். “கடற்காற்று கிளம்பியதும் சீக்கிரமே பெட்டி காலியாகிவிடும். நாற்றம் நின்ற பிறகு இன்னும் சற்றுப் பொறுத்து இறங்கலாம் என்று சொல்லுங்கள்.”

மிகச் சரியான பதில். அதில் இன்றுவரை நான் ஒரு பிழை காணவில்லை. அதை அப்படியே சேகரிடம் சொன்னேன். மறுமுனையில் அவர் பெருமூச்சு விட்டது கேட்டது.

“நல்லதாப் போச்சு மேடம். றால் கரையோரமா குவிஞ்சு வந்து நிக்குது. இத்தனை றாலை அவங்க இந்த வருஷமே பாக்கலையாம். என்னால பிடிச்சு நிறுத்த முடியல. போய்ச் சொல்லிடறேன்.”

வைத்துவிட்டார்.

ரிசீவர் என் கையில் இருந்தது. கூரையில் வெளிச்சம் அலைந்துகொண்டிருந்தது. றால் என்ற சொல் எனக்குள் மெதுவாக, மிக மெதுவாக, கிணற்றில் விழுந்த கல்லைப்போல இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அது அடியைத் தொட்டதும்தான் எனக்குப் புரிந்தது. நாங்கள் இறங்கலாம் என்றது மேட்டிலிருந்து குடிசைக்கு. அவர் கேட்டது கரையிலிருந்து தண்ணீருக்கு, இறால் பிடிக்க. நாங்கள் திறந்து பார்த்தது காற்றுப் பெட்டியை. அவர் மனதில் இருந்தது கழிப் பெட்டி. கழிக்காரருக்கு வேறு எந்தப் பெட்டி நினைவில் வரும்?

கோடையில் எண்ணூர் முகத்துவாரத்தைக் கடல் மணலால் மூடிவிடும். அந்த வருடமும் மூடியிருந்தது. கழிக்குள் விழுந்தது எதற்கும் வெளியே போக வழியில்லை. அம்மோனியாவோ தண்ணீரைக் கண்டால் விடாது, கரைந்து அதிலேயே தங்கும். காற்று சுத்தமாகிவிடும். தண்ணீர் ஆகாது.

மறுபடி அந்த எண்ணுக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. சேகர் வெளியே போய்விட்டார், அந்த நல்ல செய்தியைச் சொல்ல.

தலைவரிடம் சொன்னேன். அவர் உடனே கழிக் கணக்கின் தாள்களை இழுத்து மேசையில் பரப்பினார்.

“சற்றுப் பொறுங்கள். தண்ணீரில் செறிவு எவ்வளவு இருக்கும் என்று ஒரு எண்ணாவது கையில் கொண்டு போங்கள்.”

“எண் வேண்டாம் சார். எங்களுக்குத் தெரியாதுன்னு யாராவது போய்ச் சொன்னா போதும்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்படி அவரிடம் நான் பேசியதே இல்லை. பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “போங்கள் பிலோமினா. நான் தொலைபேசியை விடாமல் அடிக்கிறேன்” என்றார்.

இதை நீங்கள் சற்று நிறுத்தி யோசிக்க வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு அவசரம் வந்தால் முதலில் கை போவது கணக்குக்குத்தான். சரியான எண் இருந்தால்தான் வாயைத் திறக்கலாம் என்று பழகிவிட்டோம். ஆனால் தவறான கேள்விக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட பதிலைத் திரும்ப வாங்க எண் எதுவும் தேவையில்லை. ஆள் போனால் போதும்.

காசிம் பாய் ஜீப்பைக் கிளப்பினார். காசிமேடு, தண்டையார்பேட்டை, டோல்கேட். மாட்டு வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் நடுவில் ஊர்ந்தோம். அனல் வெள்ளமாகத் தெருவில் நின்றது. அதில் மனிதர்கள் மிதப்பதுபோல நடந்தார்கள். திருவொற்றியூர் தாண்டியதும் வீடுகள் விலகி, ஒரு பக்கம் கடல் வெள்ளித் தகடாகக் கிடந்தது. எர்ணாவூர் ரயில்வே கேட்டில் நின்றுவிட்டோம். நிலக்கரி ஏற்றிய சரக்கு வண்டி. பெட்டிக்குப் பின் பெட்டி, பெட்டிக்குப் பின் பெட்டி. எங்கிருந்து வருகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாதபடி, கனவில் வரும் ரயில்போல அது போய்க்கொண்டே இருந்தது.

“இன்னா மேடம் ஆச்சு?” என்றார் காசிம் பாய்.

“கழித் தண்ணில யாரும் எறங்கக் கூடாது பாய். நம்ம சொன்ன பதில அவங்க தண்ணிக்குன்னு நெனச்சிட்டாங்க.”

அவர் இன்ஜினை அணைக்காமல் வைத்துக்கொண்டு கேட் கம்பத்தையே பார்த்தார்.

அப்போதுதான் என் வலது கன்னத்தில் குளிர்ச்சி பட்டது. முதலில் ஒரு தொடுதல். பிறகு இன்னொன்று. கடற்காற்று. தண்டவாளத்தோரத்துக் காகிதங்கள் எழுந்து மேற்கே ஓடின. கேட்டில் நின்றிருந்த சைக்கிள்காரர்கள் சட்டையை விரித்துக்கொண்டு முகத்தை அதற்குக் காட்டினார்கள். எங்கள் கணக்கு மிகச் சரியாக வந்துகொண்டிருந்தது. தலைவர் சொன்னபடியே காற்று கிளம்பிவிட்டது, நாற்றம் விலகப்போகிறது. வாழ்க்கையில் ஒரு கணக்கு சரியாக வந்ததற்காக நான் பயந்தது அன்று மட்டும்தான்.

கழியை அடைந்தபோது நாற்றம் லேசாகத்தான் இருந்தது. மேட்டுச் சாலையிலிருந்து பார்த்தேன். லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, தாகத்துக்குக் குனிந்த மிருகம்போலத் தண்ணீருக்குள் தலையை வைத்திருந்தது. வானமும் கழியும் ஒரே சாம்பல் நிறம். கரையோரம் தண்ணீர் கொதிப்பதுபோலத் தோன்றியது. கிட்டே போனதும்தான் அது றால் என்று தெரிந்தது. ஆயிரக்கணக்கில் மேலே வந்து துள்ளிக்கொண்டிருந்தன. மழை கீழிருந்து மேலே பெய்வது போலிருந்தது. அத்தனை அழகான ஒன்றை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. மூச்சு முட்டித் துடித்துக்கொண்டிருந்தன.

பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகி, இடுப்பில் பனையோலைப் பறிக் கூடையைக் கட்டிக்கொண்டு கரையில் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். எண்ணூர்க் கழியில் கையால் துழாவி றால் பிடிப்பதுதான் அவர்கள் தொழில். ஒருத்தி ஏற்கெனவே இறங்கிவிட்டாள். தொலைவில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து குனிந்து அள்ளிக்கொண்டிருந்தாள். சேகர் கரையில் நின்று, கவலை தீர்ந்த முகத்தோடு எங்கள் ஜீப்பைப் பார்த்துக் கையசைத்தார்.

நான் ஓடினேன். “எறங்காதீங்க! யாரும் எறங்காதீங்க!”

முன்னால் நின்ற பெண் திரும்பினாள். நடுவயது, உறுதியான தாடை. கன்னியம்மா என்று பெயர், பிறகு தெரிந்துகொண்டேன். அந்தப் பெண்களுக்கெல்லாம் அவள் சொல்தான்.

“ஏம்மா, யார் நீ? இந்த சார்தான் எறங்கலான்னு சொன்னாரு.”

“நான்தான் அவருக்குச் சொன்னேன். அது காத்துக்குச் சொன்னது. தண்ணிக்கு இல்ல.”

“காத்துதான் நல்லாகீதே. வாடையே இல்லியே.”

“காத்து நல்லாயிடுச்சு. தண்ணி ஆகல.”

“சரி, தண்ணிக்கு இன்னா சொல்றே?”

“தெரியாது.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

“தெரியாதா? தெரியாதுன்னு சொல்றதுக்கா ஜீப்பு போட்டுகினு வந்தே?”

“ஆமா. அதைச் சொல்லத்தான் வந்தேன். தண்ணியப் பத்தி நாங்க யாரும் கணக்கே பாக்கல. பாத்த மாதிரி உங்களுக்குச் சேதி வந்துடுச்சு. அத நம்பி எறங்காதீங்க.”

“இத்தினி நாளா கை வெச்சா சேறுதான் வருது. இன்னிக்கு அதுவே வந்து நிக்குது. இத்த வுட்டுட்டு வூட்டுக்குப் போய் இன்னாத்த ஆக்கறது? பேஜாரு பண்ணாத, நவுரு.”

அவள் என்னைத் தள்ளவில்லை. ஆனால் தள்ளியிருந்தால் நான் விலகியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு எந்த அதிகாரமும் இல்லை, சீருடை இல்லை, ஒரு தாள்கூட இல்லை. 

“அதுங்க எதுக்கு மேல வருது?” என்று மட்டும் கேட்டேன். வாதத்துக்காகக் கேட்கவில்லை, அந்தத் துள்ளலை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. “உள்ள இருக்க முடியாமத்தானே வருது?”

கன்னியம்மா தண்ணீரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்ததுபோல எனக்குத் தோன்றியது. பறியின் கயிற்றைப் பிடித்திருந்த அவள் கை அப்படியே நின்றது.

அந்தக் கணத்தில்தான் கழிக்குள்ளிருந்து அலறல் கேட்டது. உள்ளே இருந்தவள் எல்லம்மா, கன்னியம்மாவின் ஓரகத்தி. நெற்றி வேர்வையை ஈரக் கையால் வழித்திருக்கிறாள். தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, எந்தப் பக்கம் கரை என்று தெரியாமல் ஆழத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

“எல்லம்மா! இந்தாண்ட வா! இந்தாண்ட!” கன்னியம்மா தண்ணீருக்குள் காலை வைத்தாள். அவளைத் தாண்டிக்கொண்டு சேகர் இறங்கினார். காலணியைக்கூடக் கழற்றவில்லை. மார்பளவுத் தண்ணீரில் போய் எல்லம்மாவைப் பின்னாலிருந்து தூக்கி, தன் முகத்தை வானத்தைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு, பின்னோக்கி நடந்து வந்தார். கரையில் கிடத்தியதும் காசிம் பாய் ஜீப்பில் வைத்திருந்த தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

“கையை எடு தாயீ, கண்ணத் தொற, தொற...” என்று சொல்லிக்கொண்டே அவர் ஊற்றினார். கன்னியம்மா அவள் இமைகளை விரலால் பிரித்துப் பிடித்தாள். கேன் தீர்ந்ததும் உப்பளத்து ஆட்கள் குடங்களில் கொண்டுவந்தார்கள். ஊற்றிக்கொண்டே இருந்தோம். பிறகு அவளையும் சேகரையும் ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். சேகரின் கால்களில் தோல் சிவந்து உரிந்திருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. “நான்தானே சொன்னேன்... நான்தானே எறங்கச் சொன்னேன்...” என்று முனகிக்கொண்டே போனார்.

ஜீப் போனதும் கரை அமைதியாகிவிட்டது. வேறு யாரும் இறங்கவில்லை. கன்னியம்மா மட்டும் சேற்றில் குந்திக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி இருந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னை அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. பொழுது சாயச் சாயத் துள்ளல் குறைந்து, தண்ணீர் மறுபடி தகடுபோல ஆகிவிட்டது. ஒதுங்கிய றாலை யாரும் சந்தைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அவளே குரல் கொடுத்தாள். எல்லோரும் சேர்ந்து குழி வெட்டிப் புதைத்தார்கள். அழுதுகொண்டே மண் தள்ளினாள் ஒருத்தி.

எல்லம்மாவுக்குப் பார்வை திரும்பியது. பல நாள் கட்டுக்குப் பிறகு, முதலில் வெளிச்சமும் பிறகு உருவங்களுமாக. ஒரு கண்ணில் மட்டும் மெல்லிய மங்கல் கடைசிவரை இருந்தது என்று கேள்விப்பட்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் நான் எதிர்பார்த்தது விசாரணை. சேகர்மேல் பழி போடுவது சுலபம்; அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். தலைவர் அதைச் செய்யவில்லை. எல்லோரையும் மேசையைச் சுற்றி உட்காரவைத்தார்.

“நான் சரியாகத்தான் சொன்னேன்,” என்றார். “சரியாகச் சொல்வதோடு நம் வேலை முடிந்தது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.”

 அன்று முதல் எங்கள் மாடியிலிருந்து எந்தப் பதிலும் மாதிரியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வெளியே போகவில்லை. எதைப் பற்றி, யார், என்ன செய்வதற்காகக் கேட்கிறார் என்று கேட்டு, அதைத் திருப்பிச் சொல்லி, அதன் பிறகுதான் பதில். கேட்பவர்கள் எரிச்சல்பட்டார்கள். “இவங்ககிட்ட மணி கேட்டா, எதுக்குன்னு கேப்பாங்க” என்று எங்களைப் பற்றிக் கேலிப் பேச்சுகூட உண்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தலைவர் அதற்குப் பிறகு கழிப் பெட்டியைத் திறந்தார். இம்முறை சரியான மாதிரி, சரியான கேள்வி. கழி முழுதும் கலந்து நீர்த்துப்போய், சுமார் ஒரு வாரத்தில் தண்ணீர் தேறிவிடும் என்று வந்தது. அந்த வாரம் முடிந்ததும் நிறம் மாறும் சோதனைத் தாள்களை எடுத்துக்கொண்டு எண்ணூருக்குப் போனேன். நடுக்கழியில் தாள் நன்றாகவே காட்டியது. கோரைப் புல் ஓரத்தில் நனைத்ததும் கருநீலமாகிவிட்டது; அம்மோனியா இன்னும் அங்கே இருந்தது. பெட்டிக்குள் எல்லாம் சமமாகக் கலந்துவிடும் என்பது எங்கள் கணக்கின் அடிப்படை. கழிக்கு அது தெரியாது. அதற்கு மூலைகள் இருந்தன, நிழல்கள் இருந்தன, எதையும் விட மனமில்லாத இடங்கள் இருந்தன. ஆக, பெயரைச் சரிசெய்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். சரியான பெயருக்குப் பின்னாலும் அந்தப் ‘போல’ இருந்துகொண்டே இருக்கும்.

கன்னியம்மாவிடம் போய், “இன்னும் ஆகல” என்றேன். என்னைத் திட்டினாள். நியாயமான திட்டு. அந்தப் பெண்கள் உப்பளத்தில் கூடை சுமக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். அதுவும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறை நான் தாளை நனைக்கும்போதும் அவள் பக்கத்தில் வந்து நின்று நிறத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுப் போவாள்.

பிறகு ஒரு பௌர்ணமியை ஒட்டிக் கடல் பொங்கி, மணல்மேட்டைத் தானே உடைத்துக்கொண்டு கழிக்குள் வந்தது. காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது முகத்துவாரத்தில் தண்ணீர் பேசிக்கொண்டே உள்ளே போய்க்கொண்டிருந்தது. கழி முழுவதும் நிறம் மாறி, சாம்பலிலிருந்து பச்சையாக விழித்துக்கொண்டதுபோல இருந்தது. கோரை ஓரத்தில், லாரி விழுந்த இடத்தில், குடிசைகளுக்கு நேர் கீழே, எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் தாளை நனைத்தேன். எல்லா இடத்திலும் கடல்நீருக்குக் காட்டும் அதே நிறம்.

பெண்கள் மேட்டில் நின்றிருந்தார்கள். தாளை உயர்த்திக் காட்டினேன். யாரும் அசையவில்லை. அந்தத் துண்டுத் தாளுக்கு அவர்கள் ஏன் அசைய வேண்டும்? கன்னியம்மா கீழே இறங்கி வந்து என் முன்னால் நின்றாள்.

“உனுக்கு இது தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்னுதான் நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறியா?”

நான் செருப்பைக் கழற்றினேன். புடவையை முழங்காலுக்குமேல் இழுத்துச் செருகிக்கொண்டேன். ராயபுரத்தில் பிறந்து கடலைப் பார்த்து வளர்ந்தவள்தான். ஆனால் கழிச் சேற்றில் நான் அதுவரை கால் வைத்ததில்லை. சேறு குளிர்ச்சியாக, மென்மையாக விரல்களுக்கிடையில் ஏறியது. முழங்கால்வரை போனேன். பிறகு இடுப்புவரை. கையில் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு முறை கழுவினேன். உப்பு கரித்தது, அவ்வளவுதான்.

“எரியுதா?” கரையிலிருந்து கன்னியம்மா கத்தினாள்.

“இல்ல!”

“இன்னும் கொஞ்சம் நில்லு!”

நின்றேன். கடலிலிருந்து வந்த தண்ணீர் என் இடுப்பைச் சுற்றி மெதுவாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது கன்னியம்மா பறியைக் கட்டிக்கொண்டு என் அருகில் இருந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் ஒவ்வொருவராக, பேச்சில்லாமல், தண்ணீரைக் கலைக்காமல் இறங்கிக்கொண்டிருந்தார்கள். குனிந்தார்கள். கைகள் தண்ணீருக்குள் மறைந்தன. அன்று யாருக்கும் ஒரு றால்கூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் வெகுநேரம் துழாவிக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களோடு நின்றேன்.